பன்னிரண்டு வயதில் கழற்றிய ஹெல்மெட்: ரீயூனியன் கோயில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சேந்த்-ஆந்த்ரே, ரீயூனியன் தீவு
பள்ளி திறக்கும் ஆகஸ்ட் மாதம்

ரீயூனியன் தீவிலுள்ள கோயில் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பூசாரிகள், தமிழ் வகுப்பும் நடன வகுப்பும் மேளப் பயிற்சியும் நடத்தும் மன்றத்தார் எல்லாருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்குத் தமிழ் எழுத்து சிரமம் என்பது எனக்குத் தெரியும். அதனால் பிரெஞ்சுப் படி ஒன்று தனியாக உங்களுக்கு வந்து சேரும். ஆனாலும் முதலில் தமிழில்தான் எழுதுகிறேன். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் இங்கே வந்து குடியேறிய என்னைப் போன்ற குடும்பங்கள், ஊரிலிருக்கும் எங்கள் சொந்தங்கள், பக்கத்துத் தீவான மொரீஷியஸில் இருக்கும் தமிழாசிரியர்கள் எல்லாரும் படிக்கட்டும். அவர்கள் வீட்டிலும் சைக்கிள் இருக்கும், பதினான்கு வயதுப் பிள்ளையும் இருக்கும்.

விஷயம் சைக்கிள் ஹெல்மெட்தான். பன்னிரண்டைத் தாண்டிய, இன்னும் பதினெட்டு ஆகாத பிள்ளைகள் புதன்கிழமை மதியமும் சனிக்கிழமையும் உங்கள் கோயில் வளாகத்துக்குச் சைக்கிளில் வருகிறார்கள். ஹெல்மெட் போட்டு வருகிறவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதை ஏன் கோயிலுக்கு எழுதுகிறாய், கல்வித்துறைத் தலைமையகமான ரெக்தோராவுக்கோ அரசு நிர்வாக அலுவலகமான ப்ரிஃபெக்ச்சருக்கோ எழுத வேண்டியதுதானே என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. அரசாங்கம் இந்த விஷயத்தில் என்ன செய்திருக்கிறது, எங்கே நிறுத்திக்கொண்டது என்பதைச் சொன்னால் நான் ஏன் உங்கள் கதவைத் தட்டுகிறேன் என்று புரியும்.

நாம் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். அங்கே உள்ள சாலைச் சட்டம்தான் இங்கேயும். அந்தச் சட்டப்படி 2017 மார்ச் 22 முதல், பன்னிரண்டு வயது நிறையாத பிள்ளை சைக்கிள் ஓட்டினாலும் சரி, பின்னால் உட்கார்ந்து வந்தாலும் சரி, ஹெல்மெட் கட்டாயம். கூட வரும் பெரியவருக்கு 135 யூரோ அபராதம். நல்ல சட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பன்னிரண்டாவது பிறந்தநாள் அன்று அது முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் அறிவுரை மட்டும்தான்.

அந்தப் பன்னிரண்டு வயது எங்கே வந்து விழுகிறது பாருங்கள். பிள்ளை பதினோரு வயதில் தொடக்கப்பள்ளியை விட்டு, கொலேழ் என்ற நடுநிலைப்பள்ளிக்குப் போகிறான். புதுப் பள்ளி, புது நண்பர்கள், தூரம் அதிகம், பெற்றோர் கூட வருவதில்லை. முதல்முறையாகத் தனியாகச் சாலையில் இறங்குகிற வயது அது. அந்த வருடத்திலோ அடுத்த வருடத்திலோ சட்டம் அவனிடம், இனி உனக்குக் கட்டாயமில்லை என்கிறது. அவன் அதை எப்படி எடுத்துக்கொள்வான்? நான் பெரியவன் ஆகிவிட்டேன் என்றுதான். மீசை முளைக்கும் முன்பே கிடைத்துவிடும் பெரிய மனித அந்தஸ்து இது. ஹெல்மெட் போட்டால் இன்னும் பன்னிரண்டு ஆகவில்லையா என்று கேலி செய்வார்கள். சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் நடப்பது இதுதான்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பதினான்கு வயதில் அதே பையன் உரிய பயிற்சி முடித்து ஐம்பது சிசி ஸ்கூட்டர் ஓட்டலாம். அப்போது ஹெல்மெட் கட்டாயம், கையுறையும் கட்டாயம். ஆக, பதினொன்றில் போடு, பன்னிரண்டில் வேண்டுமானால் கழற்று, பதினான்கில் ஸ்கூட்டர் வாங்கினால் மறுபடி போடு. மண்டை ஓடு என்னவோ ஒன்றுதான்.

பள்ளிகள் ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்ல வரவில்லை. 2019-இல் தொடங்கிய சைக்கிள் பயிற்சித் திட்டம் ஒன்று உண்டு. ஆறு வயதிலிருந்து பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பத்து மணி நேரப் பயிற்சி. முதலில் வண்டியைக் கட்டுப்படுத்துவது, பிறகு மூடிய இடத்தில் ஓட்டுவது, கடைசியில் உண்மையான சாலையில் ஓட்டுவது என்று மூன்று படிகள். அதுவும் பதினொன்றில் முடிகிறது. கொலேழில் சாலைப் பாதுகாப்புத் தேர்வு இரண்டு முறை வருகிறது. திரையில் இருபது கேள்விகள், பத்துக்குச் சரியான பதில் சொன்னால் தேர்ச்சி. என் மாணவர்களில் பலர் அதில் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். ஹெல்மெட் போட வேண்டுமா என்ற கேள்விக்குச் சரியான கட்டத்தை அழுத்திவிட்டு, வெளியே வந்து ஹெல்மெட் இல்லாமல் வண்டியை எடுக்கிறார்கள். அறிவு இல்லாத குறை இல்லை இது.

இப்போது நம் சாலைகளுக்கு வருகிறேன். பாரீஸில் உட்கார்ந்து சட்டம் எழுதுகிறவருக்கு இந்தத் தீவின் சரிவுகள் தெரியாது. சேந்த்-ஆந்த்ரேவில் கடலோரம் கொஞ்சம் சமதரை. அதை விட்டு மேலே போனால் எங்கே பார்த்தாலும் இறக்கம்தான். மேட்டிலிருந்து கோயிலுக்கு வரும் பையன் மிதிக்கவே வேண்டாம், பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வரலாம். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் அதுவும் இல்லை. மழை பெய்து ஓய்ந்ததும் வளைவுகளில் சரளையும் இலைதழையும் கிடக்கும்.

அப்புறம் கரும்பு. ஜூலையிலிருந்து டிசம்பர் வரை வெட்டுக்காலம். தீவில் மிஞ்சியிருக்கும் இரண்டு ஆலைகளில் ஒன்றான புவா-ரூழ் நம் ஊரிலேயே இருக்கிறது, மற்றது சேன்-லூயி பக்கம் லெ கோல். இங்கே எல்லாரும் 'கஷலோ' என்று சொல்லும் பெரிய கரும்பு லாரிகளும் டிராக்டர் வண்டிகளும் நாள் முழுக்க ஓடும். பள்ளி திறக்கும் ஆகஸ்ட் மாதம் நடு வெட்டுக்காலம். லாரியிலிருந்து விழுந்து சக்கரங்களில் நசுங்கிய கரும்புத் துண்டு சாலையில் வழவழவென்று கிடக்கும். கார்க்காரருக்கு அது ஒரு சின்ன அதிர்வு. மெல்லிய டயர் போட்ட சைக்கிளுக்கு அப்படி இல்லை.

நாய்களைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தெருநாய்த் தொல்லை இந்தத் தீவின் தீராத தலைவலி. போன வருடம் என் வகுப்பு மாணவி ஒருத்தி விழுந்தது காராலும் இல்லை, லாரியாலும் இல்லை. சந்திலிருந்து திடீரென்று ஓடிவந்த நாய் முன்சக்கரத்தில் மோதியது. அவள் பக்கவாட்டில் சாய்ந்து நடைபாதைக் கல்லில் தலை இடித்தாள். ஹெல்மெட் போட்டிருந்தாள், அதுவும் அம்மாவின் தொல்லை தாங்காமல். ஹெல்மெட்டின் ஓரம் நசுங்கிப் பிளந்திருந்தது. அவளுக்கு முழங்கை மட்டும் சிராய்ப்பு. அடுத்த வாரம் வகுப்புக்கு வந்தபோது பிளந்த ஹெல்மெட்டைக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினாள். பையன்கள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் ஒரு வருடம் பேசியிருந்தாலும் அந்தப் பத்து நிமிடம் செய்த வேலையைச் செய்திருக்க முடியாது.

பெரும்பாலான விழுதல்கள் இப்படித்தான், வேகமே இல்லாமல் நடக்கும். அதற்காகச் செய்ததுதான் சைக்கிள் ஹெல்மெட். உள்ளே இருக்கும் வெள்ளைப் பொருள், டிவி வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் வருமே, அதே தெர்மோகோல் வகை. தலை இடிபடும்போது அது நசுங்கி, தலை நிற்பதற்குச் சில மில்லி விநாடிகள் கூடுதலாக வாங்கித் தருகிறது. அவ்வளவுதான் அதன் தொழில். ஐரோப்பாவில் விற்கும் ஹெல்மெட்டின் உள்ளே இஎன் 1078 என்ற தர எண் இருக்க வேண்டும். அந்தத் தரத்துக்கான சோதனையில், தலை வடிவம் ஒன்றுக்கு ஹெல்மெட்டை மாட்டி, சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் விழவிடுவார்கள். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தலைக்குள் போகும் அதிர்ச்சி புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. நடைபாதை ஓரக் கல்லைப் போன்ற முனையின் மேலும் ஒரு சோதனை உண்டு. என் மாணவிக்கு நேர்ந்தது கிட்டத்தட்ட அந்தச் சோதனைதான்.

இதிலிருந்தே அதன் எல்லையும் தெரிகிறது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதினால் தெர்மோகோலை நம்பி இருக்க முடியாது. மூளை உள்ளுக்குள் சுழன்று ஏற்படும் அதிர்ச்சியையும் அது முழுதாகத் தடுக்காது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. பெரிய பிள்ளைகள் இணையத்தில் எல்லாம் படிக்கிறார்கள். நாம் ஒன்றை மிகைப்படுத்திச் சொன்னால், மீதி ஒன்பதையும் நம்ப மாட்டார்கள். நம்பிச் சொல்லக்கூடியது இது: ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேக் ஒலிவியர், ப்ரூடன்ஸ் க்ரைட்டன் இருவரும் 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2016-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் கணக்கில் காயம்பட்ட சைக்கிள்காரர்கள் 64 ஆயிரத்துக்கும் மேல். விபத்துக்குள்ளானவர்களில் ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குத் தலைக்காயம் ஏறத்தாழ பாதியாகவும், கடுமையான தலைக்காயம் ஏறத்தாழ 70 சதவீதமும் குறைவாக இருந்தது. ஹெல்மெட் போட்டால் கழுத்து ஒடியும் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு அந்தக் கணக்கில் ஆதாரம் கிடைக்கவில்லை.

சரி, பிள்ளைகள் ஏன் போடுவதில்லை? நான் வகுப்பில் கேட்டேன். திட்டாமல், தமிழ் பேசும் பயிற்சி என்ற சாக்கில் கேட்டேன். பாதி தீவின் பேச்சுமொழியான கிரயோலிலும் பாதி தமிழிலும் வந்த பதில்களை உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றில் நாலில் மூன்று நீங்களே தீர்க்கக்கூடியவை.

முதல் பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: தலைமுடி. பையன்கள் பக்கவாட்டை ஒட்ட வெட்டி மேலே ஜெல் போட்டு நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். அது ஒரு மணி நேர வேலை. ஹெல்மெட்டுக்குள் போய் வந்தால் ஒட்டிய தோசைதான் என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த வயதில் இது சின்ன விஷயம் இல்லை. கோயிலில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி மாட்டினால் போதும் என்பது என் எண்ணம். வந்ததும் இரண்டு நிமிடம் தலை வாரிக்கொண்டு உள்ளே போகட்டுமே.

பெண்பிள்ளைகளின் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. நடன வகுப்புக்கு வருகிறவர்கள் வீட்டிலேயே கொண்டை போட்டு வலை மாட்டி, ஊசி குத்தி வருகிறார்கள். டீச்சர் சரியான நேரத்துக்கு ஆரம்பித்துவிடுவார், கொண்டை இல்லாமல் நின்றால் வெளியே நிற்க வேண்டும். அந்தக் கொண்டைக்கு மேல் எந்த ஹெல்மெட்டும் உட்காராது. மேலே தூக்கிக்கொண்டு, நெற்றி முழுக்கத் திறந்துகொண்டு நிற்கும், அது போடாததற்குச் சமம். ஆக, ஒழுங்கான மாணவிதான் இங்கே ஹெல்மெட் இல்லாமல் வருகிறாள்! நடன ஆசிரியைகளே, உங்களிடம் கேட்பது பத்து நிமிடம். பிள்ளைகள் தாழ்வாகப் பின்னிய சடையோடு வரட்டும், கொண்டையை மண்டபத்தில் போட்டுக்கொள்ளட்டும். ஒருத்திக்கு ஒருத்தி போட்டுவிட்டால் அதுவும் ஒரு பயிற்சிதான். பூ வைப்பதும் அப்படியே, வந்து வைத்துக்கொள்ளலாம்.

மேளம் அடிக்கும் பையன்கள் கதை வேறு. தோளில் மேளத்தைத் தொங்கவிட்டு ஒரு கையால் ஓட்டி வருகிறார்கள். பார்க்கிற எனக்கு வயிற்றைக் கலக்கும். ஹெல்மெட் பற்றிப் பேசுவதற்கு முன், மேளத்தைக் கோயிலிலேயே வைத்துப் பூட்ட ஒரு அலமாரி கொடுங்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. கையை விடுவித்தால்தான் பிரேக்கைப் பிடிக்க முடியும்.

மூன்றாவது காரணம், வைக்க இடமில்லை. கொலேழில் ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக அலைய முடியாது. சைக்கிளில் மாட்டி வைத்தால் திருட்டுப் போகிறது, அல்லது யாராவது அதற்குள் எதையாவது ஊற்றி வைக்கிறார்கள். கோயிலிலும் இதே நிலைதான். செருப்பு வைக்க நமக்கு நல்ல அலமாரி இருக்கிறது, எண் போட்ட டோக்கன்கூடச் சில இடங்களில் உண்டு. ஹெல்மெட்டுக்கு ஒரு கொக்கி கிடையாது. செருப்புக்குப் பக்கத்தில் தலையில் போடுவதை வைக்கப் பிள்ளைகளுக்கும் பிடிக்கவில்லை, பெரியவர்களுக்கும் பிடிக்கவில்லை. நியாயம்தான். தனியாகச் சுவரில் ஒரு பலகை, அதில் கொக்கிகள், மழை படாத இடமாக இருந்தால் போதும். வெயிலும் நேரடியாகப் படாமல் இருப்பது நல்லது, சூட்டில் அந்தத் தெர்மோகோல் நாளடைவில் கெட்டுவிடும்.

நான்காவதுதான் கடினமானது. "யாரும் போடுவதில்லை, டீச்சர்." இதற்கு நான் என்ன பதில் சொல்ல? பன்னிரண்டு வயதுப் பையன் பதினாறு வயது அண்ணனைப் பார்க்கிறான். பதினாறு வயது அண்ணன், பிள்ளைகள் 'தோந்தோன்' என்று கூப்பிடும் நம் பெரியவர்களைப் பார்க்கிறான். நம் தோந்தோன்களில் பலர் ஞாயிறு காலை மின்சைக்கிளில் கடற்கரைப் பாதையில் போகிறார்கள், நல்ல விஷயம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது. தலையில் தொப்பி மட்டும்தான் இருக்கும்.

உங்களுக்கு எழுதுவதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. தொடக்கப்பள்ளி தனி, கொலேழ் தனி, மேல்நிலைப்பள்ளியான லிசே தனி. ஒவ்வொரு வாசலிலும் ஒரே வயதுக் கூட்டம். எட்டு வயதுப் பிள்ளையும் பதினாறு வயது மேளக்காரனும் அறுபது வயது நிர்வாகியும் வாராவாரம் ஒரே வளாகத்தில் கூடும் இடம் கோயில் ஒன்றுதான். ஹெல்மெட் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்ற எண்ணத்தை உடைக்க வேண்டுமென்றால், பெரிய பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு வருவதைச் சின்னப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். அதை எந்த ரெக்தோராவும் ஏற்பாடு செய்ய முடியாது. நீங்கள் முடியும்.

எதிர்ப்புகள் வரும். வந்த இரண்டைச் சொல்கிறேன்.

அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றார் ஒரு பெரியவர். அவர் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் தீமிதிக்கு நாம் எப்படித் தயாராகிறோம்? பல நாள் விரதம், தணலைப் பரப்பித் தட்டி ஒழுங்குசெய்யத் தனியாக ஆட்கள், குழி முடியும் இடத்தில் கால் வைக்கப் பால். அம்மன்மேல் நம்பிக்கை இல்லாமலா இதெல்லாம் செய்கிறோம்? நம்பிக்கையோடு கூடிய ஏற்பாடு நம் வழக்கத்தில் இருப்பதுதான். அந்தப் பெரியவர் இதற்குப் பதில் சொல்லவில்லை, ஆனால் காப்பி கொடுத்தார்.

இரண்டாவது எதிர்ப்பு படித்தவர்களிடமிருந்து வந்தது, அதில் விஷயம் இருக்கிறது. கட்டாயப்படுத்தினால் பிள்ளைகள் ஹெல்மெட்டைப் போட மாட்டார்கள், சைக்கிளையே விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலையில் எல்லா வயதினருக்கும் சைக்கிள் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அதன்பின் மெல்பர்னில் எடுத்த கணக்கெடுப்புகளில் சைக்கிள் ஓட்டும் பதின்பருவத்தினர் எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருந்தது. அதற்குச் சட்டம் எவ்வளவு காரணம் என்பதில் வாதம் இன்னும் ஓயவில்லை. பிரான்சின் சைக்கிள் சங்கங்களும் பெரியவர்களுக்குக் கட்டாயம் வேண்டாம் என்ற கட்சிதான். மறுபக்கம், சுவீடன் 2005 முதல் பதினைந்து வயதுக்குக் கீழே கட்டாயம் என்று வைத்திருக்கிறது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று தெரியும், பிள்ளை சைக்கிளை விட்டுவிட்டு சோபாவில் உட்கார்ந்தால் அது எனக்கு வெற்றி இல்லை. அதனால்தான் நான் புதுச் சட்டம் கேட்டு எழுதவில்லை. மேலிருந்து வரும் கட்டளை எப்படிப் போய் முடியும் என்பதை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். புதுச்சேரியில் 2019 பிப்ரவரியில் இருசக்கர வாகன ஹெல்மெட் விவகாரம் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் முதல்வர் நாராயணசாமிக்கும் இடையிலான சண்டையாக மாறி, முதல்வரே ராஜ் நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்தார். தலையைப் பற்றிய பேச்சு யார் பெரியவர் என்ற பேச்சாகிவிட்டது.

கோயில் அப்படி நடந்துகொள்ள வேண்டியதில்லை. ஹெல்மெட் இல்லாமல் வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பாதீர்கள், கைகூப்பிக் கேட்கிறேன். திருப்பி அனுப்பினால் அவன் அதே சாலையில் மறுபடி ஹெல்மெட் இல்லாமல்தானே போவான்? அடுத்த வாரம் தமிழ் வகுப்புக்கே வர மாட்டான். திட்டவும் வேண்டாம். மைக்கில் பெயர் சொல்லவே வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். இந்த மாதமும் அடுத்த மாதமும் வகுப்புகளுக்குச் சேர்க்கைப் படிவம் கொடுப்பீர்கள். உங்கள் சங்கங்கள் பிரான்சின் 1901-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பதிவானவை, உள்விதிகளை நீங்களே எழுதிக்கொள்ளலாம். படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: சைக்கிளிலோ, நின்றபடி ஓட்டும் ட்ரோத்தினெத் வண்டியிலோ வருகிறவர்கள் எந்த வயதினராக இருந்தாலும் ஹெல்மெட்டோடு வருவார்கள் என்று. பெற்றோர் கையெழுத்துக்குக் கீழே பிள்ளையும் கையெழுத்துப் போடட்டும். அதே வரி ஆசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் பொருந்தட்டும், அதுதான் முக்கியம். (மின்சார ட்ரோத்தினெத் பதினான்கு வயதுக்குக் கீழே ஓட்டவே கூடாது என்று 2023 செப்டம்பர் முதல் சட்டம் இருக்கிறது. நம் வாசலில் பன்னிரண்டு வயதுக்காரர்கள் அதில் வந்து இறங்குவதைப் பார்க்கிறேன். அது தனி மடலுக்கான விஷயம்.)

ஆண்டு விழாவுக்குப் பரிசு வாங்கும்போது இந்த முறை பிளாஸ்டிக் கோப்பைகளை விட்டுவிடுங்கள். தீவில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் நம் கோப்பைகள் தூசி படிந்து நிற்கின்றன. இருபது யூரோ அளவில் இஎன் 1078 போட்ட நல்ல ஹெல்மெட் கிடைக்கிறது. பரிசு வாங்கும் பிள்ளையே நிறத்தைத் தேர்ந்தெடுக்கட்டும், அளவையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் கறுப்பைத்தான் கேட்பார்கள். இருட்டில் தெரியாதே என்று சண்டை போடாதீர்கள், பின்னால் ஒளிரும் பட்டை ஒன்று ஒட்டிக்கொடுங்கள். ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, அதனால் சைக்கிளில் விளக்கு எரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பொது ஹெல்மெட் பத்து வாங்கிக் கோயிலில் வைத்துக் கடன் கொடுக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் சரிவராது. அளவு பொருந்தாது, அது ஒன்று. தலையில் பேன் பரவும், அது இரண்டு. ஒரு தாய் வந்து சத்தம் போட்டால் திட்டமே அன்றோடு முடிந்தது. அதோடு, பழைய ஹெல்மெட் எப்போது எங்கே இடிபட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை பலமாக இடிபட்டால் வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அதன் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். அண்ணனுடையதைத் தம்பிக்குக் கொடுக்கும் வீடுகளிலும் இதை ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பிறகு ஒரு புதன்கிழமை. வகுப்பு தொடங்கும் முன் அரை மணி நேரம், பிள்ளைகளைத் தங்கள் ஹெல்மெட்டோடு வரிசையாக நிற்க வைத்துப் பட்டையைச் சரிசெய்து கொடுப்போம். போட்டு வருகிற சிலரிலும் சரியாகப் போட்டிருப்பவர் குறைவு. முன்விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் இருக்க வேண்டும், பின்தலைக்குத் தள்ளக் கூடாது. பட்டைகள் காதுக்குக் கீழே வந்து சேர வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் இடையில் ஒரு விரல் நுழைந்தால் போதும், கையே நுழைந்தால் அது ஹெல்மெட் இல்லை, கிரீடம். நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்ட பிள்ளைக்குப் பின்பக்கத் திருகை இறுக்க வேண்டியிருக்கும், முடி வளர்ந்ததும் மறுபடி தளர்த்த வேண்டும். மூத்த மேளக்காரப் பையன்களிடம் இந்த வேலையைக் கொடுங்கள் என்பது என் தனிப்பட்ட ஆசை. தாங்கள் சரிசெய்து கொடுத்ததைத் தாங்களே போடாமல் வர அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

சேன்-தெனி, சேன்-போல், சேன்-பியேர் பக்கத்துச் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சாலைகள் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. உங்களிடம் கரும்பு லாரி குறைவாகவும் கார் நெரிசல் அதிகமாகவும் இருக்கலாம். உங்களுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். நான் எழுதியது கிழக்குப் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்து எழுதியது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ள முடியுமா என்று எழுதித் தெரிவியுங்கள். நிதி இல்லை என்ற பதில் மட்டும் வேண்டாம். கொக்கிப் பலகைக்கான மரத்தை என் வகுப்புப் பெற்றோர் ஒருவர் தருவதாகச் சொல்லிவிட்டார், துளைபோடும் இயந்திரம் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் எந்தக் கோயிலுக்கும் வரத் தயார். சுவர் கல்லா, மரமா, தகரமா என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற திருகாணி வாங்கி வர வேண்டும்.

அன்புடன்,
சேந்த்-ஆந்த்ரேவில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியை